கல்வாழையைத் தோட்டத்து வாழை என்று நினைத்துவிடாதீர்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. கல்வாழை என்றதும் பலருக்கு வீட்டு வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் அலங்காரச் செடிதான் நினைவுக்கு வரும். அதன் விதை கறுப்பாக, மிளகு போல உருண்டையாக இருக்கும். இங்கே சொல்வது வேறு: மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் தானாக வளரும் காட்டுவாழை. தாவரவியலில் என்செட் சூப்பர்பம். இதன் விதை கிட்டத்தட்டச் சுண்டைக்காய் அளவு. கோணல்மாணலாக, ஒரு பக்கம் குழிந்திருக்கும். 'கல்வாழை விதை' என்று கேட்டு வாங்குபவர்கள் பெயரை நம்பாமல் விதையைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, பக்கக்கன்றுக்குக் காத்திருப்பது. வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோமே, அது இந்த வாழைக்குப் பொருந்தாது. இது கன்று விடாது. ஒற்றை மரமாகச் சில ஆண்டுகள் வளரும், ஒரே முறை பூத்துக் காய்க்கும், செத்துப்போகும். மிச்சம் விதை மட்டுமே. ஆகவே பூவுக்கோ தண்டுக்கோ காட்டில் ஒரு மரத்தை வெட்டினால், தோட்டத்தில் போல அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வராது. பெயர்த்து எடுத்து வருவதும் அப்படித்தான். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் செய்தால் வனச் சட்டப்படி குற்றமும்கூட.

வீட்டில் வளர்ப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் கோடையில். மழைக்காலத்தில் அடி பருத்து, அகன்ற இலைகளோடு கம்பீரமாக நிற்கும். மழை ஓய்ந்து வறட்சி வந்ததும் இலைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, மேலே ஒன்றுமே இல்லாமல் போகும். 'பட்டுப்போச்சு' என்று பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. பாவமே என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியவர்களும் உண்டு, நானும் அதில் ஒருவன். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும். நான் ஊற்றிய தண்ணீரில் அது அழுகிவிட்டது. பாறை இடுக்கில் ஈரம் தங்காது, வேனிலில் அதற்கு அந்த வறட்சிதான் வேண்டும். சும்மா விட்டிருந்தால் மழைக்குத் தானே குருத்து விட்டிருக்கும். தொட்டியில் வைத்தால் நீர் நன்றாக வடியும் மண்ணும் சரளையும் கலந்து நிரப்புங்கள், களிமண் வேண்டாம்.

விதையிலும் அவசரம் கூடாது. ஓடு கெட்டி, ஊறவைத்து விதைத்தாலும் எல்லாம் ஒன்றாக முளைக்காது. ஒன்று வரும், அப்புறம் வெகுநாள் கழித்து இன்னொன்று. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

நம் பழ வாழைக்கு இதுதான் மூதாதை என்று சொல்வதும் பிழை. பழ வாழைகள் மியூசா அக்யூமினேட்டா, மியூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு வாழைகளின் வழி வந்தவை. கல்வாழை அதே குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம். பங்காளி என்று சொல்லலாம். எத்தியோப்பியாவில் மாவெடுத்துப் புளிக்கவைத்து 'கோச்சோ' என்ற ரொட்டி செய்கிறார்களே, அந்த என்செட்டும் இன்னொரு இனம். அந்தச் சமையல் குறிப்பை இதன் கிழங்கில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, சிறுநீரகக் கல்லுக்கு இதன் விதைப்பொடியைச் சாப்பிடுவது நாட்டு வழக்கம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வலியோடு காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ பொடியைத் தேடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.