கார்டிஃபின் வல்கன் பப்: எப்படிப் போவது, உள்ளே எதைப் பார்ப்பது, என்ன கேட்பது

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், ஆடம் தெருவில் 1853இல் திறந்த பப் வல்கன் ஹோட்டல். அதைச் சுற்றி நியூடவுன் என்ற நெருக்கமான குடியிருப்பு இருந்தது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குப் பிறகு வந்து கார்டிஃப் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பங்களே அங்கு அதிகம். 1960களின் பிற்பகுதியில் நியூடவுனை மொத்தமாக இடித்துத் தள்ளினார்கள். வல்கன் மட்டும் கார் நிறுத்துமிடங்களுக்கு நடுவே தனியாக நின்றது. 2012 மே மாதம் அதற்கும் பூட்டு விழுந்தது. பிறகு கட்டடத்தைப் பிரித்து, நகருக்கு மேற்கே உள்ள செயிண்ட் ஃபேகன்ஸ் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள். 2024 மே மாதம் கதவு திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கும் பொருளாக அதை ஆக்கிவிடவில்லை, காசு கொடுத்தால் நிஜமாகவே பீர் கிடைக்கும்.

இதனால் ஒரு சிக்கல் வருகிறது. அருங்காட்சியகம் என்று நினைத்துப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பப் என்று நினைத்துப் போகிறவர்கள் மாலையில் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்கிறார்கள். இரண்டு நினைப்போடும் போனால்தான் பயணம் உருப்படும்.

போகும் நேரம்

அருங்காட்சியகம் காலை 10 முதல் மாலை 5 வரை. பப் அதன் வளாகத்துக்குள் இருப்பதால், வேலை முடிந்து ஆறு மணிக்கு ஒரு பைன்ட் என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. பப்பின் நேரம் அருங்காட்சியக நேரத்தோடு அப்படியே ஒத்துப்போகும் என்றும் நம்ப வேண்டாம். தனி நிகழ்ச்சிக்கு ஒதுக்கியிருக்கலாம், பருவத்துக்கு ஏற்ப மாறியிருக்கலாம். கிளம்பும் நாளன்று காலையில் அருங்காட்சியக இணையதளத்தில் வல்கனுக்கான பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். வாரநாள், முற்பகல் கடைசி: இதுதான் நல்ல வேளை. பள்ளி விடுமுறை நாட்களில் மதியத்துக்கு மேல் குடும்பங்கள் நிறைந்துவிடும். நின்று நிதானமாகப் பார்க்க இடமிருக்காது.

நுழைவு இலவசம். கார் நிறுத்தத்துக்குக் கட்டணம் உண்டு.

வழி

லண்டன் பேடிங்டனிலிருந்து கார்டிஃப் சென்ட்ரலுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து செயிண்ட் ஃபேகன்ஸ் ஆறேழு கிலோமீட்டர். வரைபடத்தில் ரயில் பாதை கிராமத்தின் ஊடாகவே போவது தெரியும், பாதையைக் கடக்கும் கேட்டும் இருக்கிறது. ஆனால் ரயில் நிற்காது. அங்கிருந்த நிலையத்தை 1960களிலேயே மூடிவிட்டார்கள். நகர மையத்திலிருந்து பேருந்துதான் வழி, வழக்கமான எண் 32ஏ. நிமிடத்துக்கு ஒன்று வரும் தடம் அல்ல. இறங்கியதுமே திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் டிராவல்லைன் கம்ரி என்ற வேல்ஸ் பொதுப் போக்குவரத்துத் தகவல் தளத்தில் அட்டவணையைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள்.

காரில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2023 செப்டம்பர் முதல் வேல்ஸின் பெரும்பாலான ஊர்ச் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் 30 என்ற பழக்கத்தில் ஓட்டி அபராதம் கட்டுகிறார்கள். இன்னொன்று, ரத்தத்தில் 100 மில்லிக்கு 80 மில்லிகிராம் ஆல்கஹால் என்பது ஓட்டுநருக்குச் சட்டம் தரும் எல்லை. இத்தனை பைன்ட் வரை பரவாயில்லை என்று இதை மாற்றிக் கணக்குப் போட முடியாது, ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு மாறும். ஓட்டுகிறவர் குடிக்காமல் இருப்பதே ஒழுங்கான ஏற்பாடு.

நேரம் இருந்தால் முதலில் ஆடம் தெருவுக்குப் போய்வாருங்கள். கார்டிஃப் சென்ட்ரலிலிருந்து கால் மணி நேர நடை, சிறைச்சாலை இருக்கும் பக்கம். அங்கே பார்க்கப் பெரிதாக எதுவுமில்லை. ஆனால் அந்தத் தெருவைப் பார்த்துவிட்டுப் போனால், மரங்களுக்கு நடுவே நிற்கும் வல்கன் ஏன் கொஞ்சம் பொருந்தாமல் தெரிகிறது என்பது விளங்கும். இது வயல்வெளிச் சத்திரமாகப் பிறந்ததல்ல. கரிப்புகையும் துறைமுகச் சத்தமும் சூழ்ந்த நகரத்துப் பப்.

வெளிச்சுவரில் தொடங்குங்கள்

வாசலைக் கண்டதும் உள்ளே போய்விடாதீர்கள். கீழ்த்தளத்தின் முகப்பு முழுவதும் பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கும் டைல்ஸ், அதிலேயே பதித்த எழுத்துகள். 1914 வாக்கில் பப்பைப் புதுப்பித்தபோது வந்த தோற்றம் இது. அருங்காட்சியகம் இந்தக் கட்டடத்தை 1915இல் இருந்தபடி காட்டுவதற்கு இந்தப் புதுப்பிப்பே முக்கியக் காரணம். அழகுக்காக மட்டும் டைல்ஸ் ஒட்டவில்லை. நிலக்கரி எரித்த ஊரில் செங்கல் சுவர் சில வருடங்களில் கறுத்துவிடும். மெருகேற்றிய டைல்ஸை ஒரு வாளித் தண்ணீரால் கழுவிவிடலாம். தூரத்திலிருந்தே கண்ணில் படும் என்பதால் கடைக்கு விளம்பரமும் ஆயிற்று.

அடுத்து செங்கற்களுக்கு இடையிலுள்ள காரையைப் பாருங்கள். ஒரு கட்டடத்தைப் பிரித்து வேறிடத்தில் எழுப்ப முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். பழைய சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது. உளியால் தட்டினால் காரை உதிரும், கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்ட் பூச்சு செங்கல்லைவிடக் கடினமானது, பிரிக்கும்போது கல்தான் உடையும். 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இடம்பெயர முடிவதும், பிற்காலத்தில் சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்ட பகுதிகளில் மாற்றுக் கல் தேட வேண்டி வருவதும் இதனால்தான். கல்லின் நிறமும் விளிம்பின் கூர்மையும் சட்டென மாறும் இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். பழையதற்கும் புதியதற்கும் உள்ள எல்லை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே

தரையில் மரத்தூள் கண்ணில் பட்டால், ஏதோ வேலை பாதியில் நிற்கிறது என்று நினைக்க வேண்டாம். மழைச் சேறு, சிந்திய பீர், எச்சில் எல்லாவற்றையும் உறிஞ்ச அந்தக் காலத்தில் தூவியது. இரவில் கூட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகத் தூவுவார்கள். வல்கன் ஆடம் தெருவில் இருந்த கடைசிக் காலம்வரை அதற்குப் பேர் வாங்கித் தந்தவற்றில் இந்த மரத்தூளும் ஒன்று. வழுவழுப்பான அடிப்பாகம் கொண்ட செருப்பு வேண்டாம்.

அந்தக் காலத்து நகரப் பப்புகளில் அறைகளுக்கு ஒரு சமூக ஒழுங்கு இருந்தது. பொது பாரில் வேலை உடுப்போடு நின்றுகொண்டே குடிப்பார்கள். புகைபிடிக்கும் அறையில் மெத்தை வைத்த இருக்கை, கொஞ்சம் கூடுதல் விலை, கொஞ்சம் நல்ல சட்டை. அறைக்கு அறை இருக்கை, சுவர்ப் பலகை, கணப்பு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த அறையில் யாருக்கு இடம் என்பதை மரச்சாமான்களே காட்டிக்கொடுத்துவிடும்.

1915 என்ற வருடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின் இரண்டாம் வருடம். ஆயுதத் தொழிற்சாலை வேலையைக் குடி கெடுக்கிறது என்று அன்றைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் வேல்ஸின் பாங்கர் நகரில் முழங்கியது அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். அடுத்த சில மாதங்களில் மதுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்துப் பல பகுதிகளில் பப் நேரத்தைச் சுருக்கினார்கள். ஒருவர் இன்னொருவருக்கு வாங்கித் தருவதைக்கூட அக்டோபரில் லண்டனில் தடை செய்தார்கள். பிற்பகலில் பப்பை மூடும் வழக்கம் அப்போது தொடங்கி 1988 வரை நீடித்தது. வேல்ஸில் இதற்கும் முந்தைய கெடுபிடி ஒன்று உண்டு: 1881 சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை பப் திறக்கவே கூடாது. கார்டிஃப் மக்கள் வாக்களித்து அதை விலக்கியது 1961இல். ஆக, நீங்கள் ஞாயிறு மதியம் வல்கனில் உட்கார்ந்து குடித்தால், அந்த ஒரு விஷயம் மட்டும் 1915க்குப் பொருந்தாது.

கேட்டு வாங்குவது

மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுண்டருக்குப் போய்க் கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, நீங்களே எடுத்துவர வேண்டும். கார்டு கைவசம் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது, ஆனால் யாருக்கு முன் யார் வந்தார் என்பது பார்க்காரருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவர் முன்பே வந்திருந்தால் “அவருக்கு முதலில்” என்று கைகாட்டுவது மரியாதை. காசை ஆட்டிக் கூப்பிடுவது, விரல் சொடுக்குவது இரண்டும் அவமரியாதை. டிப்ஸ் வைக்கும் பழக்கம் கவுண்டரில் கிடையாது.

அளவு பைன்ட், அதாவது 568 மில்லி. அரை பைன்ட் 284. மூன்றில் ஒரு பங்கும் சட்டப்படியான அளவுதான். பல வகை சுவைக்க விரும்புகிறவர்கள் தயங்காமல் அரை கேளுங்கள், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். 4 சதவீத ஏல் (பிரிட்டனின் பாரம்பரிய பீர் வகை) ஒரு பைன்ட் என்றால் ஏறக்குறைய 2.3 யூனிட், ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். வாரத்துக்கு 14க்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. வல்கனுக்கென்றே பீர் காய்ச்சிக் கொடுப்பது கிளமோர்கன் புரூயிங் கம்பெனி, உள்ளூர் நிறுவனம். முதல் கிளாஸை அதிலிருந்தே தொடங்கலாம்.

ஊரில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீருக்குப் பழகியவர்களுக்குக் கைப்பம்பில் இழுக்கும் ஏல் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கேஸ் குறைவு, குளிர் போதாது. அது கெட்டுப்போனதால் அல்ல. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் இவ்வகை ஏலை 11 முதல் 13 டிகிரியில் ஊற்றுவதுதான் முறை. அதற்குக் கீழே போனால் மால்ட்டின் மணமே எழும்பாது. ஆனால் காடி வாடை அடித்தால், அல்லது வெண்ணெய் கெட்டது போல இருந்தால், அது கெட்டதுதான். பாதி குடித்துவிட்டுச் சொல்லாதீர்கள். இரண்டு மடக்கிலேயே கவுண்டருக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சொன்னால் மாற்றித் தருவது வழக்கம்.

சைவம் கடைப்பிடிக்கிறவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பீப்பாய் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைப் பல ஆலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. பார்வைக்குத் தெரியாது, சுவையிலும் தெரியாது. “இது வீகனா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பிரிட்டிஷ் பப்புகளில் பாக்கெட்டில் தொங்கும் மொறுமொறுப்புகளில் ஒன்று பன்றித் தோல் பொரியல். சிப்ஸ் என்று நினைத்துப் பிரித்துவிடாமல் அட்டையைப் படியுங்கள். குடிக்காதவர்கள் தாராளமாக உள்ளே வரலாம். லெமனேட் கேட்டால் வருவது எலுமிச்சைச் சாறு அல்ல, கேஸ் நிறைந்த இனிப்பு சோடா.

25 வயதுக்குக் குறைவாகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதார் உதவாது, கல்லூரி அட்டையும் உதவாது. பாஸ்போர்ட், பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம் போன்ற ஒன்று வேண்டும். விசா அட்டைகள் ஒழிந்து இ-விசா வந்த பிறகு மாணவர்கள் பலர் கையில் எந்த அட்டையும் இல்லாமல் போய் நிற்கிறார்கள். போனில் காட்டும் விசாப் பக்கத்தை வயதுச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

பெயரில் ஹோட்டல் இருக்கிறது என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போகாதீர்கள், முழுச் சாப்பாட்டுக்கான இடமல்ல அது. வளாகத்தில் ஆபரிஸ்ட்வித்திலிருந்து கொண்டுவந்த பழைய ரொட்டிக்கடை இருக்கிறது, அங்கே சுட்ட ரொட்டியும் கேக்கும் கிடைக்கும். மதியத்துக்குள் தீர்ந்துவிடலாம், ஆகவே அதை முதலில் முடித்துவிட்டு வல்கனுக்கு வாருங்கள். மீதி நேரத்துக்கு ஒரே ஒரு யோசனை: ரிட்-அ-கார் வரிசை வீடுகள். மெர்தர் டிட்ஃபில் இரும்பாலைத் தொழிலாளர்களின் ஆறு வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு காலகட்டமாக 1805இலிருந்து 1985 வரை. வல்கனில் நின்று குடித்தது போன்ற ஆட்கள் எங்கே உறங்கினார்கள் என்பதற்கு அருகிலேயே கிடைக்கும் விடை அது.

கார்டிஃப் தூரம் என்கிற லண்டன்வாசிகளுக்கு மாற்று ஒன்று உண்டு: மைடா வேலில் உள்ள கார்ல்டன் டேவர்ன். 1920களின் தொடக்கத்தில் கட்டிய அந்தப் பப்பை 2015 ஏப்ரலில் உரிமையாளர் நிறுவனம் அனுமதியில்லாமல் இடித்தது. பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை அது. இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது, மேல்முறையீட்டிலும் அது நின்றது, 2021இல் பப் திறந்தது. வல்கனில் கட்டடம் அதுவே, இடம் வேறு. இங்கே இடம் அதுவே, கட்டடத்தில் பெரும்பகுதி புதுசு. இது சாதாரணப் பப், ஆகவே மாலையில் போகலாம். பேக்கர்லூ தடத்தில் கில்பர்ன் பார்க் நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைக்குள் வந்துவிடும்.