ஒரே வானத்தில் இரண்டு ட்ரோன்: மோதாமல் பறக்கத் திட்டமிடுவது எப்படி?

ஒரு பெரிய வளாகத்தை வரைபடத்துக்காக ட்ரோனில் படமெடுக்கப் போகிறீர்கள். அதே காலையில், அதே வளாகத்துக்கு மேலே போகும் மின்கம்பிகளைச் சோதிக்க இன்னொரு பைலட்டும் ட்ரோன் கிளப்பப் போகிறார். இருவரும் கை தேர்ந்தவர்கள்தான். இருந்தாலும் இரண்டும் மோதிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இந்த ஒரு நிலைமையை வைத்தே எல்லாவற்றையும் படிப்படியாகப் பார்க்கலாம்.

கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 15 மீட்டர் என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். எதிரே வருவதும் அதே வேகம் என்றால் 300 மீட்டர் இடைவெளி 10 நொடியில் தீர்ந்துவிடும். அவ்வளவு தூரத்தில் சின்ன ட்ரோன் வெறும் புள்ளி. வருகிறதா, போகிறதா என்றே பிடிபடாது. அதனால் பெரும்பாலான வேலை தரையில் நிற்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

படி 1: அங்கே பறக்கலாமா?

உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் அதிகாரப்பூர்வ வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். அனுமதி தேவையென்றால் முதலில் அதை வாங்குங்கள். பல நாடுகளில் பொதுவான உச்சவரம்பு தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி. அதற்குக் கீழே ஆள் இருக்கும் விமானம் வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம், பாராகிளைடர் எல்லாம் இந்த உயரத்துக்கு வரும்.

படி 2: வானத்தில் ஒரு பெட்டி போடுங்கள்

ட்ரோன் போக்குவரத்து மேலாண்மையைச் சுருக்கமாக யூடிஎம் என்பார்கள். நாசா 2015 முதல் 2019 வரை கட்டம் கட்டமாக இதைக் களத்தில் சோதித்தது. கடைசிக் கட்டம் அமெரிக்காவின் ரீனோ, கார்பஸ் கிரிஸ்டி ஆகிய நகரங்களில் நடந்தது. இதன் அடிப்படை எளிது. கோபுரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு ட்ரோனையும் ரேடியோவில் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மணிக்குப் பறக்கப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அவரவர் பெட்டி. ஒருவர் பெட்டி மற்றவர் பெட்டியோடு இடத்திலும் உயரத்திலும் நேரத்திலும் சேர்ந்து மோதினால்தான் சிக்கல். மூன்றில் ஒன்று விலகினாலும் போதும்.

உங்கள் பெட்டியை இப்போது எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் எல்லைக்கோடு, உயரம் 40 முதல் 60 மீட்டர், நேரம் 10:00 முதல் 10:25 வரை. வேலை 18 நிமிடம்தான் என்றாலும் 25 என்று எழுதுங்கள். எல்லைக்கோட்டையும் கொஞ்சம் தாராளமாகவே போடுங்கள். காற்று தள்ளும், ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும்.

படி 3: உயரம் எங்கிருந்து?

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான படி, பலரும் தாண்டிப்போவதும் இதைத்தான். ரிமோட் திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளந்தது. மற்றவர் வேறு இடத்திலிருந்து கிளப்பினால் அவருடைய பூஜ்யமே வேறு.

அவர் 80 முதல் 100 வரை பறப்பேன் என்கிறார். உங்கள் உச்சி 60. நடுவே 20 மீட்டர் இருக்கிறது, சரி என்று தலையாட்டிவிடுவோம். ஆனால் அவர் நிற்பது உங்களை விட 25 மீட்டர் பள்ளத்தில். அப்படியானால் அவருடைய 80 உங்கள் கணக்கில் 55. அதாவது அவர் உங்கள் பெட்டிக்குள்ளேயே பறக்கிறார். இரண்டு திரையும் சரியான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்!

தீர்வு, இருவரும் ஒரே பூஜ்யத்துக்கு வருவது. கடல்மட்டத்திலிருந்து கணக்கிடலாம், அல்லது ஒருவருடைய கிளப்பும் இடத்தைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அவர் தன் திரையில் 105 முதல் 115 வரை வைத்தால் உங்கள் கணக்கில் அது 80 முதல் 90. ஏன் 125 வரை போகக்கூடாது? அவர் பக்கத்துப் பள்ளத்தின் மேலே அது 120 மீட்டர் வரம்பைத் தாண்டிவிடும்.

நடுவே இருக்கும் 20 மீட்டரைக் குறைக்காதீர்கள். பெரும்பாலான ட்ரோன்கள் காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைப் பிடிக்கின்றன. தரைமட்டத்துக்கு அருகே அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே கணக்கு சுமார் 8 மீட்டர் நகரும்.

படி 4: சிக்னல் போனால் என்ன நடக்கும்?

சிக்னல் அறுந்தால் பல ட்ரோன்கள் முன்பே வைத்த ஓர் உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வீடு திரும்பும். போன வேலைக்காக அந்த உயரத்தை 90 என்று வைத்திருந்தால், உங்கள் ட்ரோன் தானாகவே அவர் பெட்டிக்குள் ஏறும். அமைப்பைத் திறந்து பாருங்கள். அங்கே உயரமான மரம் 35 மீட்டர் என்றால் திரும்பும் உயரத்தை 55 என்று வைக்கலாம். அவர் கிளப்பும் இடம் உங்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் அடுக்கைக் குறுக்கே வெட்டுவார்.

படி 5: பறக்கும்போது

இருவருக்கும் இடையே ஒரே பேச்சு வழி இருக்கட்டும், வாக்கி டாக்கியோ போனோ. "கிளப்புகிறேன்", "எல்லை தாண்டிவிட்டேன்", "இறங்குகிறேன்" என்ற மூன்றும் போதும். எல்லை தாண்டியதைச் சொல்லத் தயங்கவே கூடாது. ரிமோட் ஐடி என்பது ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வைஃபை அல்லது ப்ளூடூத் வழியே அறிவிக்கும் நம்பர் பிளேட். அதைப் படிக்கும் செயலி போனில் இருந்தால் அழைக்காமல் வந்த மூன்றாவது ட்ரோனும் தெரியலாம். சில ட்ரோன்களில் ஏடிஎஸ்-பி ரிசீவர் உண்டு. விமானம் தன் இருப்பிடத்தை அறிவித்து அனுப்பும் சிக்னலைப் பிடித்து, அருகில் வரும் விமானத்தைக் காட்டும். ஆனால் எல்லா விமானமும் அந்த சிக்னலை அனுப்புவதில்லை. அதனால் பக்கத்தில் ஒருவரை வானத்தைப் பார்க்கவும் காதைத் தீட்டிக்கொள்ளவும் நிறுத்துங்கள். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்று யோசிக்கவே வேண்டாம், உடனே இறக்கிவிடுங்கள்.

படி 6: இறங்கிய பிறகு

10:18க்கே வேலை முடிந்துவிட்டதா? அப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் பெட்டியை ஏதாவது யூடிஎம் செயலியில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் முடித்துவையுங்கள். மீதி 7 நிமிடமும் அந்தப் பெட்டி பூட்டியே கிடந்தால், அந்த உயரத்துக்காகக் காத்திருப்பவர் சும்மா நின்றுகொண்டிருப்பார்.