குடி, வண்டி, மனசாட்சி: கத்தோலிக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஊர்த் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், புதுநன்மை விருந்து என்று நம் வீடுகளில் பாட்டில் திறக்கிற நாட்கள் ஏராளம். அந்த நாட்களில் யோசிக்காமல் வண்டிச் சாவியை எடுப்பவர்கள் உண்டு. ஒரு மூடி இருமல் மருந்து குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டியதற்காக, சாவான பாவம், அதாவது கடவுளின் உறவையே அறுத்துவிடும் கனமான பாவம் செய்துவிட்டோமோ என்று வாரக்கணக்கில் நன்மை (பூசையில் தரும் நற்கருணை) வாங்காமல் ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் ஒரே பங்கில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். முதல் ஆளுக்குச் சொல்ல வேண்டியதை இரண்டாம் ஆளிடம் சொன்னால் அவர் இன்னும் நொறுங்கிப்போவார். இரண்டாம் ஆளுக்கான ஆறுதலை முதல் ஆள் கேட்டால் அடுத்த ரவுண்டு ஊற்றிக்கொள்வார்.

முதல் தவறு, பாவம் எங்கே இருக்கிறது என்பதிலேயே குழம்புவது. குடித்தாலே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தை நாம் எல்லோரும் அறிவோம். அளவு மீறுவதுதான் குற்றம். வண்டி என்று வரும்போது கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2290-ஆம் எண் நேராகவே பேசுகிறது: குடிபோதையாலோ வேக மோகத்தாலோ சாலையிலும் கடலிலும் வானத்திலும் தன் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஆபத்து உண்டாக்குகிறவர்கள் கனமான குற்றத்துக்கு ஆளாகிறார்கள். இது 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாம் கட்டளையின் கீழ் வருகிற பகுதி. 2007 ஜூனில் வத்திக்கான் வெளியிட்ட சாலை வழிகாட்டியிலும் ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகள் உண்டு; அதில் முதலாவதும் இதே 'கொலை செய்யாதே' என்பதுதான். ஆகவே குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் "குடித்தேன் ஃபாதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டி வந்ததை விட்டுவிடுவது, சொல்ல வேண்டிய பாவத்தையே விட்டுவிடுவதாகும்.

"எனக்கு ஒன்றும் ஏறவில்லை, நான் ஸ்டெடிதான்." இதை மனசாட்சியின் குரல் என்று நம்புவது அடுத்த தவறு. மனசாட்சி என்பது உணர்ச்சியல்ல, இந்தச் செயல் சரியா தப்பா என்று அறிவு போடுகிற தீர்ப்பு என்கிறது மறைக்கல்வி. மது முதலில் கெடுப்பது அந்த அறிவைத்தான். கணக்கைப் பாருங்கள். கட்டிங் என்பது 90 மி.லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். அப்படியானால் ஒரு கட்டிங்கில் கிட்டத்தட்ட 30 கிராம் சுத்தமான ஆல்கஹால் உள்ளே போகிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் அதை மளமளவென்று குடித்தால், 100 மி.லி. ரத்தத்தில் 60 மில்லிகிராம் வரை ஏறலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம்தான். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் ஆல்கஹால் அதைவிடக் கூடுதல், சுமார் 40 கிராம். "பீர்தானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழு முதல் பத்து கிராம் வரைதான் வெளியேற்றும். எலுமிச்சைச் சாறு, மோர், காபி, தலைக்குக் குளியல் எதுவும் அதைத் துரிதப்படுத்தாது. நள்ளிரவு வரை ஒரு குவாட்டர் (180 மி.லி.) உள்ளே போயிருந்தால் காலை ஆறு மணி முதல் பூசைக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம்.

சட்டத்தின் எல்லையே மனசாட்சியின் எல்லையும் என்று நினைத்துவிடவும் கூடாது. போலீஸ் ஊதச் சொன்னதில் தப்பித்தோம், அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டிவிட்டோம் என்பதால் கடவுளிடம் கணக்கு முடிந்துவிடாது. "பத்திரமாகத்தானே வந்து சேர்ந்தோம்" என்பதும் பதிலாகாது. குற்றம் சாவியைத் திருப்பிய முடிவிலேயே இருக்கிறது. யாரும் குறுக்கே வராதது இறைவன் காட்டிய இரக்கம். ஊற்றிக் கொடுத்தவருக்கும், தெரிந்தே பின்னால் ஏறி உட்கார்ந்தவருக்கும் இதில் பங்கு உண்டு. விருந்து வைக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யும்போதே வீடு திரும்ப ஆட்டோவுக்கும் வேனுக்கும் சொல்லிவைத்தால் என்ன?

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று எனக்குத் தோன்றுவது, சந்தேகத்தைக் கையாளுகிற விதம். அறநெறி இறையியலில் ஒரு பழைய உதாரணம் உண்டு. புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று வேட்டைக்காரனுக்குச் சந்தேகம் வந்தால் அவன் சுடக் கூடாது. பிறர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், செயலுக்கு முன் வரும் சந்தேகம் கையைக் கட்ட வேண்டும். "இப்போது ஓட்டலாமா?" என்று கேட்கத் தோன்றினாலே ஓட்டக் கூடாது. செயலுக்குப் பின் வரும் சந்தேகத்துக்கு வேறு விதி. சாவான பாவம் என்றால் கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். எப்போதும் பாவத்துக்குப் பயந்தே வாழ்கிற ஒருவர், "முழுச் சம்மதத்தோடு செய்தேனோ என்னவோ" என்று தவித்தால், செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் ஆன்மீகக் குருக்கள் சொல்லிவரும் வழி. எதையும் கண்டுகொள்ளாமல் வாழ்கிறவர் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்ள முடியாது. நடைமுறையில் என்ன நடக்கிறது? அலட்சியமானவர் முன்னால் சந்தேகமே படுவதில்லை. பயந்த மனசுக்காரர் பின்னால் வருகிற ஒவ்வொரு சந்தேகத்தையும் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்.

இந்த இரண்டாம் வகையினரின் துன்பத்தை லேசாக எண்ணிவிடாதீர்கள். ரம்மில் ஊறிய பழங்கள் போட்ட பிளம் கேக் ஒரு துண்டு சாப்பிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். வழியில் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும், யாரையோ இடித்துவிட்டோம் என்ற எண்ணம் பிடித்துக்கொள்ளும். திரும்பிப் போய்ப் பார்ப்பார்கள். சாலை காலியாகத்தான் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி கிளம்புவார்கள். மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தியைத் தேடுவார்கள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தபிறகும், சாமியாருக்குச் சரியாகப் புரிந்ததோ இல்லையோ என்று பக்கத்துப் பங்குக்கு ஓடுவார்கள்.

இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் இந்தப் பாவ பயத்தில் சிக்கித் தவித்தவர். ஸ்பெயினின் மொன்செராத்தில் மூன்று நாள் எழுதிவைத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தும், 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது விட்டுப்போனவை இருக்குமோ என்ற வேதனை அவரை விடவில்லை. தற்கொலை எண்ணம்கூட வந்தது. மிகத் தெளிவாகத் தெரிவதை மட்டும் சொல் என்றார் அவருடைய ஆன்மீகக் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. கடைசியில், பழைய பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது. அறநெறி இறையியலில் பெயர் பெற்ற புனிதர் அல்போன்ஸ் லிகோரியாரும் இந்த வேதனையை அனுபவித்தவரே.

ஆகவே இப்படிப்பட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, குரு மாற்றிக் குரு தேடுவது. ஒரே குருவிடம் போங்கள். முதல் வாக்கியமாகவே, "ஃபாதர், எனக்குப் பாவ பயம் அதிகம், செய்யாததையும் செய்ததாக நினைத்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அவர் "இதை மறுபடி சொல்ல வேண்டாம், போய் நன்மை வாங்குங்கள்" என்றால், மனசு ஒப்பாவிட்டாலும் அப்படியே செய்யுங்கள். உண்மையிலேயே குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் ஒரு தடவை வெளிப்படையாகச் சொன்னால் போதும். பாவமன்னிப்பு கிடைத்ததும் அது முடிந்தது. ஓட்டும் நாளில் மது இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. அந்த முடிவு கிளாஸில் ஊற்றுவதைப் பற்றியது, கேக்கைப் பற்றியது அல்ல. இருமல் மருந்து தூக்கம் வரவழைக்குமா என்பதை மட்டும் லேபிளில் பார்த்துக்கொண்டால் சரி.

ஜெபம் போதாததால் இப்படி ஆகிறது என்று குடும்பத்தார் சொல்வதும் தவறு. இது ஓசிடி என்ற, வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யத் தூண்டுகிற மனநோயின் ஒரு முகமாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு. பள்ளத்தில் வண்டி குலுங்கிய பிறகு, திரும்பிப் பார்க்கச் சொல்லி மனசு பிறாண்டினாலும் போகாமல் அந்தப் பதற்றத்தோடேயே வீடு வந்து சேருவதற்கு மனநல மருத்துவரும் ஆலோசகரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். ஆன்மீகக் குருவிடமும் இதைச் சொல்லி வைத்தால், நோயாளி வந்து "இடித்திருப்பேனோ ஃபாதர்?" என்று பத்தாவது முறை கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க அவருக்கும் தெரியும்.