சென்சர் போட்ட டியூப் லைட் ஏன் சீக்கிரம் போகிறது? சரிசெய்வது எப்படி?

பினாங்கில் அடுக்குமாடிப் படிக்கட்டு, லிட்டில் இந்தியா கடைகளின் பின்பக்க ஸ்டோர் என்று பல இடங்களில் பழைய 4 அடி டியூப் லைட்டுக்கு, ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சரைப் பொருத்துகிறார்கள். கரண்ட் பில் குறைகிறது, ஆனால் டியூப் சில மாதத்திலேயே போய்விடுகிறது. பெரும்பாலும் டியூப் மட்டமானது என்பதல்ல காரணம். அது எரியும்போது தேய்வதைவிட, பற்றும்போதுதான் அதிகம் தேய்கிறது.

டியூபின் இரு முனையிலும் டங்ஸ்டன் இழை உண்டு. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆக்ஸைடு கலந்த பூச்சு இருக்கும். எலெக்ட்ரான்களை விடுவது இந்தப் பூச்சுதான். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அது கொஞ்சம் தெறித்துப் போகும். இழை சூடேறும் முன்பே டியூப் பற்றினால் இன்னும் அதிகமாகத் தெறிக்கும். பூச்சு தீர்ந்தால் டியூபின் கதை முடிந்தது.

அட்டையில் போட்டிருக்கும் ஆயுள், வழக்கமாக 2 மணி 45 நிமிடம் எரியவிட்டு 15 நிமிடம் அணைக்கும் சோதனையில் கணக்கிட்டது. அப்படியானால் ஒரு நாளைக்கு 8 ஸ்டார்ட்தான். ஆள் போன ஒரு நிமிடத்தில் அணையும்படி சென்சரை வைத்திருக்கும்போது, 5 நிமிடத்துக்கு ஒருவர் படியேறினாலே மணிக்கு 12 ஸ்டார்ட் ஆகிவிடும்.

படி 1: டியூபைக் கழற்றிப் பாருங்கள்

டிபி பெட்டியில் (மெயின் சுவிட்ச் பெட்டி) அந்த லைட்டின் எம்சிபியை, அதாவது அதற்கான பாதுகாப்பு சுவிட்சை இறக்குங்கள். லைட் அணைந்திருக்கிறதே என்று நம்பி ஏணியில் ஏறாதீர்கள். நீங்கள் அசைந்ததும் சென்சர் கரண்ட் விட்டுவிடும். டியூபைக் கால் சுற்று திருப்பினால் கழன்று வரும். முனையருகே மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் பரவாயில்லை. கரி பூசியதுபோல் இரு பக்கமும் கறுத்திருந்தால் பூச்சு தீர்ந்துவிட்டது.

படி 2: நேரத்தைக் கூட்டுங்கள்

பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். சென்சரில் டைம் (எரியும் நேரம்), லக்ஸ் (எவ்வளவு இருட்டினால் எரியும்) என்று சின்னக் குமிழ்கள் இருக்கும். டைம் குமிழைச் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் 15 நிமிடத்துக்குத் திருப்புங்கள். அசைவைப் பார்க்கும்போதெல்லாம் நேரம் முதலிலிருந்து ஓடும் என்பதால், ஆள் நடமாடும் மாலை வேளையில் லைட் தொடர்ந்து எரியும். மலிவான சென்சர்கள் பல 7 நிமிடத்தோடு நின்றுவிடும். அப்படியானால் சென்சரையே மாற்றுவது நல்லது.

பில் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 36 வாட் டியூபும், அதற்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிச்சுருளான சோக்கும் சேர்ந்து சுமார் 45 வாட் இழுக்கும். கூடுதலாக 15 நிமிடம் எரிந்தால் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான்.

படி 3: வீண் ஸ்டார்ட்டை நிறுத்துங்கள்

சென்சர் பார்ப்பது நகரும் வெப்பத்தை. லென்ஸின்மேல் ஓடும் பல்லி, அடுப்படியிலிருந்து வரும் சூடான காற்று, ஏர்கான் காற்றில் ஆடும் திரை எல்லாமே அதை ஏமாற்றும். தேவையில்லாத பக்கத்தை லென்ஸில் கறுப்பு டேப் ஒட்டி மறையுங்கள்.

படி 4: ஸ்டார்ட்டர், பல்லாஸ்ட்

பழைய சோக் உள்ள லைட்டில், தேய்ந்த ஸ்டார்ட்டர் நாலைந்து முறை மினுக்கித்தான் டியூபைப் பற்றவைக்கும். ஒவ்வொரு மினுக்கலும் பூச்சைத் தின்கிறது. ஆகவே டியூபை மாற்றும்போது ஸ்டார்ட்டரையும் மாற்றுங்கள். இழையை முதலில் சூடாக்கி ஒரே தடவையில் பற்றவைக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டார்ட்டர் கிடைத்தால் அதையே போடுங்கள்.

சோக், ஸ்டார்ட்டர் இரண்டின் வேலையையும் செய்யும் எலெக்ட்ரானிக் பல்லாஸ்டாக இருந்தால், கரண்ட் வந்தவுடன் டியூப் எரிகிறதா, ஒரு விநாடி போல் தாமதித்து எரிகிறதா என்று கவனியுங்கள். உடனே எரிந்தால் அது பெரும்பாலும் இழையைச் சூடாக்காத வகை, சென்சருக்கு ஆகாது. தாமதிக்கும் வகையே சரி. பல்லாஸ்ட் மாற்றுவதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள்.

படி 5: சென்சரின் வாட் அளவு

சென்சரில் 1200 வாட் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் குண்டு பல்புக்கான அளவு. டியூப் லைட்டுக்கு 300 வாட்தான் என்று பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கலாம். அளவு மீறினால் உள்ளே லைட்டைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டு லைட் அணையவே அணையாது.

இவ்வளவும் செய்தும் ஆள் ஓயாத இடம் என்றால் எல்இடி டியூபுக்கு மாறுங்கள். அதில் தேய இழையே கிடையாது. சோக் லைட்டுக்கென்று விற்கும் எல்இடி டியூபாக வாங்கி, பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு பெட்டியில் வரும் எல்இடி ஸ்டார்ட்டரைப் போடுங்கள். கழற்றிய பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் அதே அட்டை உறையில் போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.