பாய்கிற சேவலை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

எங்கள் கொல்லையில் ஒன்பது பெட்டை, ஒரு செவலைச் சேவல். குஞ்சிலிருந்தே என் கையில் தீவனம் தின்ற சேவல், ஆறு மாதம் ஆனதும் என் கெண்டைக்காலிலேயே எகிறி அடித்தது. கையில் வளர்ந்ததுதான் வினையே. மனிதன் மேல் பயம் விட்டுப்போனதால் என்னையும் இன்னொரு சேவலாக நினைத்துக்கொண்டது.

முதலில் அறிகுறியைப் பாருங்கள். ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சுற்றி வரும். பெட்டையைச் சுற்றி அப்படி ஆடினால் கொஞ்சல், உங்களைச் சுற்றி ஆடினால் அடுத்தது பாய்ச்சல்தான்.

நான் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். கோபத்தில் எட்டி உதைத்தேன், அது சண்டைக்கு நான் சம்மதித்த மாதிரி ஆகி, மறுநாள் இன்னும் வேகமாக வந்தது. சரி, வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிப் பார்த்தேன், ஜெயித்துவிட்டோம் என்று துரத்தியது. உதைக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். முழங்கால் வரை கம்பூட் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அதை நோக்கி மெதுவாக ஓரடி, அப்புறம் இன்னோரடி. அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தரையைக் கொத்தியபடி விலகும். அதுவரை நீங்கள் பின்வாங்கக் கூடாது.

பிடிப்பதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. இரண்டு இறக்கையையும் சேர்த்துக் கக்கத்தில் இடுக்கி, திமிறல் அடங்கும்வரை நடங்கள். திமிறும்போதே இறக்கிவிட்டால் அன்றைய வேலை வீண். எனக்குப் பத்து நாள் பிடித்தது.

சேவலின் காலில் பின்பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை அரத்தால் நுனி மட்டும் மழுக்கினால் போதும். உள்ளே எலும்பும் ரத்தமும் உண்டு. நகவெட்டி எனக்குப் பிடிக்காது, பிளந்துவிடுகிறது.

பின்சேர்க்கை: துடைப்பத்தைக் காட்டி மிரட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். நான் காட்டினேன், அதற்கப்புறம் அம்மா வாசல் பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தின் மேல் பாய்ந்தது.

பெருவிடை என்கிற சண்டைச் சேவல் இனம் வைத்திருப்பவர் ஒருவர், தன் சேவல் மற்ற சேவலைக் கண்டால்தான் வெறிகொள்கிறது, ஆளிடம் சாது என்கிறார். சண்டை இனங்களில் அப்படித்தான் பெரும்பாலும். அதற்குத் தனிக் கூண்டு போட்டால் முடிந்தது.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம், பாய்ந்தால் முள் முகத்துக்கு நேராக, கண்ணுக்கே வரும். சேவலைக் கொடுத்துவிடுங்கள். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை.