பேனல், பேட்டரி, டெனாகா: மூன்றையும் ஒரே பஸ்ஸில் கோப்பது எப்படி?

சோலார், பேட்டரி, டெனாகா (மலேசிய மின்சார நிறுவனம்) கரண்ட் மூன்றையும் சேர்க்கவேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது சர்க்யூட் படம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் பவர் சப்ளை டெஸ்ட் பெஞ்சிலேயே காலம் தள்ளுகிற நான் முதலில் கேட்பது, இவற்றில் எது முந்திக் கொடுக்கவேண்டும், எது கடைசி?

பட்டர்வொர்த்தில் அத்தானின் ரொட்டிச் சானாய் கடையையே எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட் டிசி காற்றாடிகள், எல்இடி விளக்குகள். 36 செல் பேனல், 180 வாட். 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எல்லாம் 24 வோல்ட் பஸ்ஸில், அதாவது ஒரே பொது மின்வழியில் சேரும்.

வரிசையைப் பஸ் வோல்டேஜே சொல்லிவிடும், தனிக் கம்யூனிகேஷன் வயர் வேண்டாம். பேனலின் வோல்டேஜை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு உச்சவரம்பு 24.6. இருதிசைப் பேட்டரி கன்வெர்ட்டர் 24.3-க்கு மேல் சார்ஜ் செய்யும், 24-க்குக் கீழே போனால் கொடுக்கும். டெனாகா அடாப்டரை 23.4-இல் வையுங்கள். பேட்டரி கைவிரித்து பஸ் இறங்கினால்தான் அது எட்டிப்பார்க்கும். காசு கொடுத்து வாங்கிய கரண்டால் பேட்டரி நிரம்பாது.

சரி, அடுத்து பூஸ்ட் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் காயில், அதாவது இண்டக்டர். பேனல் லேபிளில் 18 வோல்ட் என்றிருக்கும். அது 25 டிகிரியில் அளந்தது. பினாங்கு மதிய வெயிலில் கூரைமேல் பேனல் 65 டிகிரியைத் தொடும். வோல்டேஜ் டிகிரிக்கு 0.3 சதவீதம் குறையும் என்றால் 12 சதவீதம் போச்சு, மிஞ்சுவது 15.8. கணக்கை இதில் போடுங்கள்: டியூட்டி (ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரப் பங்கு) = 1 − 15.8/24, அதாவது 0.34. 100 கிலோஹெர்ட்ஸில் 22 மைக்ரோஹென்றி வைத்தால் ரிப்பிள் (கரண்டின் ஏற்ற இறக்கம்) சுமார் 2.4 ஆம்பியர். பேனலின் 10 ஆம்பியருக்கு இந்த அளவு பரவாயில்லை. இண்டக்டரின் சாச்சுரேஷன் கரண்ட் (அது தாங்கும் உச்ச கரண்ட்) 15 ஆம்பியருக்குக் குறையக்கூடாது.

வெளியீட்டில் ஷாட்கி டையோடு போட்டுவிட்டு எஃபிஷியன்சி பேசாதீர்கள். 7 ஆம்பியரில் அரை வோல்ட் விழுந்தால் 3.5 வாட் சூடு. அதற்குப் பதில் 5 மில்லிஓம் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்தால் கால் வாட்தான். பஸ்ஸில் அடாப்டர் சேரும் இடத்திலும் மாஸ்ஃபெட் ஐடியல் டையோடே (டையோடு போல ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடும் மாஸ்ஃபெட்) போடுங்கள்.

ஒவ்வொரு கன்வெர்ட்டரும் 95 சதவீதம் என்றாலும், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போய்த் திரும்பி வரும் கரண்ட் மூன்று முறை கன்வெர்ட்டரைக் கடக்கிறது: பூஸ்ட் ஒரு முறை, பேட்டரி கன்வெர்ட்டர் போகவும் வரவும் இரண்டு முறை. கைக்கு வருவது 86 சதவீதம், அதிலும் பேட்டரி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பகலில் ஓட்டக்கூடியதைப் பகலிலேயே ஓட்டிவிடுங்கள். இரவில் ஒரே ஒரு விளக்கு எரியும்போது ஐடில் லாஸ், அதாவது கன்வெர்ட்டர்கள் சும்மா நிற்பதற்கே தின்னும் கரண்ட்தான் பெரிய செலவு. லைட் லோடில் பல்ஸ் ஸ்கிப் செய்கிற (தேவையில்லாத ஸ்விட்சிங்கைத் தவிர்க்கிற) கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள்.

230 வோல்ட் பக்கம் மட்டும் கைவேலை வேண்டாம். ஐசோலேஷன் உள்ள (230 வோல்ட் பக்கத்தை 24 வோல்ட் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கும்) ரெடிமேட் அடாப்டர் போதும், வயரிங்கைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். இங்கே இடிக்குப் பஞ்சமில்லை என்பதால், பேனல் வயர் உள்ளே நுழையும் இடத்தில் சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம். அப்புறம் பஸ் கெப்பாசிட்டர்: 25 வோல்ட் சரக்கு மலிவு என்று அதைப் போட்டுவிடாதீர்கள், 35 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு வாங்குங்கள்.