மியூனிக் பீர் திருவிழாவில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மியூனிக்கில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: "அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு டிக்கெட் எங்கே வாங்கணும்?" பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர், முதுகலை படிக்க வந்த மாணவர், லண்டனிலிருந்து வார இறுதிக்கு வரும் அண்ணன் குடும்பம் என்று கேட்கிற ஆள்தான் மாறுகிறாரே தவிர கேள்வி மாறுவதில்லை. முன்பு எங்கள் செட் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். வெறும் வயிற்றில் குடிக்காதே, நடுநடுவே தண்ணீர் குடி, கார் எடுக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இடைத்தரகரிடம் மேசை வாங்குவது

இதை முதலில் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகவும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் இதில் சம்பளத்தில் பாதியை விடுகிறார்.

அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு டிக்கெட் என்று ஒன்று கிடையவே கிடையாது. உள்ளூர்க்காரர்கள் வீஸ்ன் என்று கூப்பிடும் அந்தத் தெரேசியன்வீஸ மைதானத்துக்குள் யார் வேண்டுமானாலும் சும்மா நடந்து போகலாம், பீர் பரிமாறும் பெரிய கூடாரங்களுக்குள் போகவும் கட்டணம் இல்லை. 1810இல் பட்டத்து இளவரசர் லுட்விக் – தெரேசா திருமணத்தை ஒட்டி ஊர் மக்கள் எல்லாருக்குமாக நடந்த குதிரைப் பந்தயத்திலிருந்து வளர்ந்த விழா இது, இன்றும் மியூனிக் நகராட்சிதான் நடத்துகிறது. மைதானத்தின் ஒரு மூலையில் பழைய ராட்டினங்களும் நாட்டுப்புற இசையுமாக இருக்கும் ஓய்டே வீஸ்ன் பகுதிக்கு மட்டும் சில யூரோ நுழைவுக் கட்டணம் உண்டு. மற்றபடி நீங்கள் பணம் கொடுப்பது குடிப்பதற்கும் தின்பதற்கும் ராட்டினத்துக்கும்தான்.

சரி, அப்படியானால் முன்பதிவு என்கிறார்களே, அது என்ன? ஒவ்வொரு கூடாரத்தையும் ஏற்று நடத்தும் உரிமையாளர் வசந்த காலத்திலேயே முன்பதிவுகளை எடுத்துக்கொள்கிறார். எட்டு முதல் பத்துப் பேர் உட்காரும் முழு மேசையாகத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். மேசைக்கென்று வாடகை கிடையாது. ஆளுக்கு இரண்டு மாஸ் பீர், அரைக் கோழி என்கிற மாதிரி குறைந்தபட்சக் கூப்பன்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2025இல் ஒரு மாஸ், அதாவது ஒரு லிட்டர் பீர், கூடாரத்துக்குத் தகுந்தபடி 14.50 யூரோவிலிருந்து 15.80 யூரோ வரை விற்றது. பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்நூறு யூரோவை ஒட்டி வரும், அதுவும் அப்படியே பீராகவும் கோழியாகவும் உங்கள் வயிற்றுக்குத் திரும்பி வந்துவிடும். இடைத்தரகர்களோ இதே மேசையை ஆயிரக்கணக்கான யூரோவுக்கு விற்கிறார்கள். கூடாரங்கள் பலவும் தங்கள் விதிகளிலேயே வணிக மறுவிற்பனையைத் தடை செய்திருக்கின்றன. ஓக்ஸன்பிராட்டெரை கூடாரத்தின் நடத்துநர்கள் ஒரு விற்பனையாளர்மீது வழக்குப் போட்டு, அந்தக் கூடாரத்தின் மேசைகளை அவர் விற்கக் கூடாது என்று 2021இல் மியூனிக் மண்டல நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு இணையதளம் அழகாக இருந்தால் போதும், நம் ஆட்கள் அட்டை எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கல்லூரித் தோழர்கள் பத்துப் பேர் நெதர்லாந்திலிருந்து வந்தார்கள். சனிக்கிழமை மாலை, பெரிய கூடாரம், மேசை உறுதி என்று ஒரு தளத்தில் பணம் கட்டியிருந்தார்கள். அந்தத் தொகையில் அவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய் வர விமான டிக்கெட்டே எடுத்திருக்கலாம். உள்ளே விடுவதற்கான கைப்பட்டைகளைத் தபாலில் அனுப்பவில்லை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல் வாசலில் ஒருவர் வந்து கொடுப்பார் என்று தகவல் வந்தது. வந்தவர் ஒன்றரை மணி நேரம் தாமதம், கையில் ஆறு பட்டைகள்தான் இருந்தன, மற்ற நாலு பேரைக் காவலாளியிடம் பேசி உள்ளே விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடாரத்துக்குப் போனால் அந்த எண்ணுள்ள மேசையில் ஒரு பவேரியக் குடும்பம், பாட்டி முதல் பேரன் வரை, உரிமையாளர் அனுப்பிய உறுதிக் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் பத்துப் பேரும் கோயட்டபிளாட்ஸ் பக்கம் மழையில் நனைந்துகொண்டு கெபாப் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். தொலைபேசியை அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. இதில் எனக்கு ஆறாத கோபம் எதில் என்றால், அவர்களில் இரண்டு பேர் விடுப்பு இருந்ததால் மியூனிக்கிலேயே தங்கினார்கள், புதன்கிழமை மதியம் அதே கூடாரத்துக்குள் ஒரு காசு கொடுக்காமல் நடந்து போய், மேளக் கோஷ்டிக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

ஏனென்றால் எல்லா இருக்கைகளையும் முன்பதிவுக்குக் கொடுத்துவிடக் கூடாது, ஒரு பகுதியைச் சும்மா வருபவர்களுக்காக விட்டுவைக்க வேண்டும் என்பது நகராட்சியின் விதி. வார நாளில் காலை 10 மணிக்கே கூடாரம் திறந்துவிடும். பகல் 2 மணிக்கு முன்னால் இரண்டு மூன்று பேராகப் போனால் இடம் கிடைக்காமல் திரும்புவது அபூர்வம். மாலை 5 மணிக்கு முன்பதிவு என்று எழுதி வைத்த மேசையில் கூட அதுவரை உட்காரலாம், நேரம் வந்ததும் எழுந்துவிட வேண்டும், அவ்வளவே. யாராவது உட்கார்ந்திருக்கும் மேசையில் ஓரம் காலியாக இருந்தால் "இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு உட்காருங்கள், அங்கே மேசையைப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கம், தனி மேசை தேடி அலைகிறவருக்குத்தான் இடம் கிடைக்காது. உட்காராமல் நின்றுகொண்டிருப்பவருக்குக் கூடாரத்துக்குள் பீர் தர மாட்டார்கள் என்பதால் முதலில் இடம், அப்புறம்தான் பீர். பத்துப் பேர் சேர்ந்து போய் ஒன்றாகத்தான் உட்காருவோம் என்று அடம் பிடிக்காமல் மூன்று மூன்றாகப் பிரிந்துகொள்ளுங்கள். பகலில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு: 2005 முதல் மாலை 6 மணி வரை கூடாரங்களில் பித்தளை வாத்திய இசையை அடக்கமான ஒலியில்தான் வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரரோடு பேச முடியும், அவர் அப்பா காலத்து வீஸ்ன் எப்படி இருந்தது என்று கேட்க முடியும். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்.

முன்பதிவு செய்தே தீர வேண்டும் என்றால் அந்தந்தக் கூடாரத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் செய்யுங்கள்.

சனிக்கிழமை மாலை போவது

வேண்டாம். கூட்டம் நிரம்பியதும் கதவை மூடிவிடுவார்கள்.

தொடக்க நாளில் காலை ஒன்பதுக்கே போய்ப் பீர் கேட்பது

கிடைக்காது. நண்பகல் 12 மணிக்கு ஷோட்டன்ஹாமல் கூடாரத்தில் மியூனிக் மேயர் முதல் பீப்பாயில் குழாயை அடித்து இறக்கி "ஓ'ட்சாப்ஃப்ட் இஸ்!" (பீப்பாய் திறந்தாச்சு!) என்று கத்தும் வரை எந்தக் கூடாரத்திலும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டார்கள். 1950 முதல் இப்படித்தான். அதைப் பார்க்கத்தான் ஆசை என்றால் மூன்று மணி நேரம் எலுமிச்சைச் சோடாவோடு உட்காரத் தயாராகப் போங்கள், பார்க்க வேண்டிய காட்சிதான்.

பை

மூன்று லிட்டருக்கு மேல் கொள்ளும் பையை உள்ளே விட மாட்டார்கள். 20 × 15 × 10 சென்டிமீட்டர்தான் அளவு. மடிக்கணினிப் பையோடு அலுவலகத்திலிருந்து நேராக வராதீர்கள்.

வேகம்

வீஸ்னில் நகரின் ஆறு மதுவாலைகள் மட்டுமே ஊற்ற முடியும்: அகுஸ்டினர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்ப்ராய், லோவென்ப்ராய், பவுலானர், ஸ்பாட்டன். விழாவுக்கென்று காய்ச்சும் இந்தப் பீரில் ஆல்கஹால் 6 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், ஆனால் குடிக்கும்போது இனிப்பாக, லேசாகத் தெரியும். அதுதான் ஆபத்து. "ஐன் ப்ரோஸிட்" என்கிற வாழ்த்துப் பாட்டு கால் மணிக்கு ஒரு தரம் வரும், எல்லாரும் கோப்பையைத் தூக்குவார்கள், ஒவ்வொரு தரமும் பெரிய மடக்காக இழுத்தால் இரண்டாவது மாஸிலேயே மதியம் முடிந்துவிடும். நடுவில் ஒன்றை எலுமிச்சைச் சோடா கலந்த ராட்லராக மாற்றிக்கொள்ளுங்கள், யாரும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள். பெஞ்சின்மேல் ஏறி ஆடலாம். மேசைமேல் ஏறினால் காவலாளி வந்து இறக்கி வெளியே கொண்டுபோய் விடுவார்.

கோப்பையை இடிக்கும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். மேசையில் எல்லாருக்கும் பீர் வந்த பிறகுதான் முதல் மடக்கு.

கோப்பையை வீட்டுக்கு எடுத்துவருவது

திருட்டு. வாசலில் பையைப் பார்க்கிறார்கள். கடையில் விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

மின் ஸ்கூட்டரில் வீடு திரும்புவது

கார் எடுக்கக் கூடாது என்று தெரிந்த பொறுப்பான ஆட்களே இதில் மாட்டுகிறார்கள், ஏனென்றால் தெருவோரம் கிடக்கும் வாடகை ஸ்கூட்டர் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிகிறது. ஜெர்மன் சட்டப்படி அது மோட்டார் வாகனம், காருக்குள்ள அதே மது வரம்புதான். இரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 0.5 பங்கு தாண்டினால் முதல் தடவையே 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை, இரண்டு தண்டப் புள்ளி. 1.1 தொட்டால் குற்ற வழக்கு, உரிமமே போகும். தள்ளாடி ஓட்டியோ விபத்தில் சிக்கியோ மாட்டினால் 0.3இலேயே குற்ற வழக்காகலாம். 21 வயது ஆகாதவருக்கும், உரிமம் புதிதாக எடுத்து இரண்டு ஆண்டுத் தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது. வேலைக்குக் காரில் போகிறவர் ஒரு மாதம் என்ன செய்வார்? தெரேசியன்வீஸ சுரங்க ரயில் நிலையம் இரவில் நெரிசலாக இருக்கும், அதனால் கொஞ்சம் நடந்து கோயட்டபிளாட்ஸுக்கோ ஹாக்கர்ப்ரூக்கவுக்கோ போய் ஏறுங்கள்.

பீர் தோட்டத்தில் பசியோடு உட்கார்ந்திருப்பது

சைவக்காரர்கள் இதைக் கவனியுங்கள். மியூனிக்கின் மரத்தடிப் பீர் தோட்டங்களில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்ச் சாப்பிடலாம். 1812இல் அரசர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசப், மதுவாலைகள் தங்கள் நிலவறை வாசலில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டி தவிர உணவு விற்கக் கூடாது என்று ஆணையிட்டதிலிருந்து வந்த வழக்கம் இது. பவேரிய அரசின் 1999ஆம் ஆண்டு பீர் தோட்ட விதியும் அதை அங்கீகரிக்கிறது. ஹிர்ஷ்கார்டன் பீர் தோட்டத்தில் கஷ்கொட்டை மரத்தடியில் புளியோதரைப் பாத்திரத்தைத் திறந்துவைத்துச் சாப்பிடும் நம் குடும்பங்களைக் கோடையில் பார்க்கலாம், பக்கத்து மேசைக்காரர் ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் உண்டு. ஆனால் இரண்டை மறக்காதீர்கள்: பானம் அங்கேதான் வாங்க வேண்டும், மேசையில் துணி விரித்திருந்தால் அது பரிமாறும் பகுதி, அங்கே சொந்தச் சாப்பாட்டைத் திறக்கக் கூடாது. கையில் எதுவும் இல்லையென்றால் பிரெட்சலும் ஓபாட்ஸ்டா என்கிற பாலாடைக்கட்டிப் பிசைவும் வாங்குங்கள்.

உள்ளூர் பப்பில் காலியாகக் கிடக்கும் பெரிய மேசையில் உட்காருவது

நடுவில் "ஷ்டாம்டிஷ்" என்று பலகையோ பித்தளைத் தட்டோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது வாடிக்கையாளர்களின் மேசை. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் அதே ஆட்கள் அங்கே கூடிப் பேசிச் சீட்டாடுவார்கள், கடையே காலியாக இருந்தாலும் அது அவர்களுடையதுதான். அவர்களே கூப்பிட்டால் போய் உட்காருங்கள், அது பெரிய மரியாதை.

கொலோனில் "போதும்" என்று சொல்லத் தெரியாமல் இருப்பது

மியூனிக்கை விட்டு கொலோன் நகருக்குப் போனால், அந்த ஊர்ப் பீரான கொல்ஷ் 0.2 லிட்டர் ஒல்லிக் குவளையில்தான் வரும். காலியானதும் கோபஸ் என்று அழைக்கப்படும் பரிமாறுபவர் கேட்காமலேயே அடுத்ததை வைத்துவிட்டு குவளைக்கு அடியில் இருக்கும் அட்டைமேல் ஒரு கோடு போடுவார். நிறுத்த வேண்டும் என்றால் அட்டையை எடுத்துக் குவளையின் வாயை மூடுங்கள். அந்த அட்டைதான் உங்கள் பில், கிழிக்கவோ தொலைக்கவோ வேண்டாம். அப்புறம் அங்கே உட்கார்ந்துகொண்டு போட்டி நகரமான டுசல்டோர்ஃபின் ஆல்ட் பீர் கேட்காதீர்கள்.

வங்கி அட்டையை நம்பிப் போவது

சின்னப் பப்புகளில் பல இடத்தில் ரொக்கம் மட்டும்தான். டிப்ஸை மேசைமேல் விட்டுவிட்டு எழுந்து போவதும் சரியில்லை. பணம் கொடுக்கும்போதே மொத்தமாகச் சொல்லிவிட வேண்டும், 18.20 வந்தால் இருபதை நீட்டி "ஸ்வான்ட்ஸிக்" என்று சொன்னால் முடிந்தது. வீஸ்ன் கூடாரத்தில் ஒவ்வொரு தடவை பீர் வரும்போதும் அப்போதே காசு. பத்து மாஸை ஒரே தூக்காகத் தூக்கிவரும் அந்தப் பெண்மணியிடம் முதல் சுற்றிலேயே நல்ல டிப்ஸ் கொடுங்கள், அடுத்த சுற்றுக்கு உங்கள் மேசையைத் தேடி வருவார்.

வீஸ்ன் மட்டும்தான் என்று நினைப்பது

செப்டம்பரில் தொடங்கும் வீஸ்னில் இடம் கிடைக்காவிட்டால் அழ வேண்டியதில்லை. ஸ்டுட்கார்ட்டில் 1818இல் தொடங்கிய கான்ஸ்டாட் திருவிழா கிட்டத்தட்ட அதே சமயம்தான் நடக்கிறது. ஆகஸ்ட்டில் ஷ்ட்ராபிங் ஊரின் கெய்போடன் விழா இருக்கிறது, கூட்டம் உண்டு, ஆனால் பவேரியர்களின் கூட்டம். பெந்தெகொஸ்தே சமயத்தில் எர்லாங்கனின் பெர்க்கிர்ஷ்வை, மரங்களுக்கு நடுவே குன்றின் சரிவில் 1755 முதல் நடப்பது. மியூனிக்கிலேயே இருந்துதான் பார்க்க வேண்டும் என்றால் தவக்காலத்தில் பவுலானரின் பீர் அரங்கு இருக்கும் நோக்கர்பெர்குக்குப் போங்கள். பவுலானரின் சால்வடோர் என்கிற கனத்த பீர் அப்போதுதான் ஓடும், 7.9 விழுக்காடு, அதனால் மாஸ் கேட்காமல் அரை லிட்டராகவே தொடங்குங்கள்.